பழைய பிக்கப்புக்கு இன்ஜின் வேலையா, வேறு இன்ஜினா? முழுமையான வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு வருடம் வாழைத்தாரும் செங்கலும் சுமந்த பொலேரோ பிக்கப் புகை கக்கத் தொடங்கினால், பட்டறையில் இரண்டு யோசனைகள் கிடைக்கும். "புல் வேலை பார்த்துரலாம்ணே" என்பார் ஒருவர். "செகண்ட்ஸ் இன்ஜின் ஒண்ணு இருக்கு, ரெண்டு நாள்ல மாட்டிரலாம்" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இருவருமே இன்ஜினைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். பிளாக்கையும் கிராங்க்கையும் அளந்த பிறகே இதற்குப் பதில் தெரியும்.

1. வண்டி அந்தச் செலவுக்குத் தகுமா?

சேஸிஸில் விரிசல் இருக்கிறதா, பட்டை மாட்டும் இடத்தில் துரு ஏறியிருக்கிறதா, கேபின் தரை உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸும் கிரவுனும் சத்தம் போட்டால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சரக்கு வண்டிக்கு 8 வயது முடிந்தால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். சேஸிஸ் போன வண்டியில் நல்ல இன்ஜின் வைப்பது வீண்.

2. கோளாறு இன்ஜினுக்குள்தானா?

புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப் மூன்றையும் பார்த்தாலே பல வண்டிகள் தெளிந்துவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அதற்கும் உடனே பிஸ்டன் ரிங்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். டர்போ சீல் கசிந்தாலும், வால்வ் சீல் தேய்ந்தாலும் நீலப் புகை வரும். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். புகை குப்குப்பென்று தள்ளினால் அது பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. உறுதி செய்ய நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் தேய்மானம். ஒன்று மட்டும் படுத்திருந்தால் வால்வோ கேஸ்கட்டோ காரணமாக இருக்கலாம். ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்த்தால் போதும்.

3. இறக்கினால் அளக்காமல் விடாதீர்கள்

பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி போர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டரின் மேல் பகுதியில், முதல் ரிங் ஏறி இறங்கும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். ஓவர்சைஸ் பிஸ்டன் பொதுவாக 0.25 மி.மீ. படிகளில் வரும். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுங்கள். அதை அளந்துதான் போர் செய்ய வேண்டும். போர் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. லைனர் உள்ள பிளாக் என்றால் லைனரையே மாற்றிவிடலாம்.

கிராங்க் தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போடலாம். லேத்தில் 'டென் தவ்', 'ட்வென்டி தவ்' என்பது ஏறக்குறைய 0.25, 0.50 மி.மீ. ஏற்கெனவே கடைசி அளவு வரை கிரைண்டிங் ஆன கிராங்க்கில் இனிமேல் வேலையில்லை. ஹெட்டில் விரிசல் உண்டா என்று பிரஷர் டெஸ்டும் செய்யுங்கள்.

4. எது எப்போது?

பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் தாங்கும் என்றால் வேலை பார்ப்பதே நல்லது. என் சாய்வு இந்தப் பக்கம்தான். உள்ளே என்ன போட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும், இன்ஜின் நம்பரும் மாறாது. கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்து வெளியே வந்திருந்தாலோ, கிராங்க் முறிந்திருந்தாலோ வேறு இன்ஜினைத் தேடுங்கள். அப்போதும் பிளாக், கிராங்க், பிஸ்டன் பூட்டிய ஷார்ட் பிளாக் கம்பெனியில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பழையதுக்குப் போங்கள்.

ரிங்கை மட்டும் மாற்றும் வேலை வண்டியை விற்பதற்குத்தான் உதவும். நீள்வட்டமாகத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் ஒட்டி உட்காராது.

5. செகண்ட்ஸ் இன்ஜின் வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டையானாலும் உங்கள் ஊர் உடைப்புக் கடையானாலும், இன்ஜின் நம்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அரம் போட்ட தடம் தெரிந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் வழக்கில் சிக்குவது நீங்கள்தான். பில்லும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. ரத்தான ஆவணமும் வாங்குங்கள். ஓடவிட்டுக் காட்டினால் நல்லது. இல்லையென்றால் சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது பார்க்க வேண்டும்.

அதே மாடல், அதே வகையாக இருக்கட்டும். பழைய டி.ஐ. வண்டியில் காமன் ரெயில் இன்ஜின் வைத்தால் வயரிங், ஈ.சி.யூ., டீசல் லைன் என்று செலவு நீண்டுகொண்டே போகும்.

6. ஆர்.டி.ஓ. அலுவலகம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி இன்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது பாதுகாப்பு. ஆர்.சி.யில் ஒரு நம்பரும் வண்டியில் ஒரு நம்பரும் இருந்தால் எஃப்.சி.யில் நிறுத்துவார்கள், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் சிக்கிக்கொள்ளும்.

7. மாட்டிய பிறகு

பழைய இன்ஜின் ஏன் போனது என்று தெரியாமல் அடுத்ததை ஓட்டாதீர்கள். ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள், வாட்டர் பம்ப்பைப் பாருங்கள். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இன்ஜின் சூடேறாமலே ஓடினால் சிலிண்டர் சீக்கிரம் தேயும். அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

வேலை பார்த்த இன்ஜினென்றால் முதல் 1,000 கி.மீ. பாதி லோடு போதும். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ஐடிலில் விட வேண்டாம். 500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மெல்லிய தூள் இருந்தால் இயல்பு. பளபளக்கும் செதில் இருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.