வலப்பக்கம் எப்போதும் பழையது



மோங்கோடிபியில் பிழை இருக்கிறது என்று எழுதியிருந்தாய், தம்பி. பிழை அங்கே இல்லை. 'பில்' என்ற ஃபீல்டுக்குள் இருக்கும் 'தொகை'யில், வெளியே இருக்கும் 'விலை'யை வைக்கச் சொன்னாய். எல்லா டாக்குமென்டிலும் "$விலை" என்ற எழுத்துகளே போய் உட்கார்ந்துவிட்டன. சாதாரண செட் கட்டளையில் நீ கொடுப்பது வெறும் மதிப்பு, டாலர் குறிக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அதே கட்டளையைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் பைப்லைன் ஆகிவிடும். அப்போதுதான் "$விலை" ஃபீல்டின் பெயர். 2019இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. லூப் போட்டு ஒவ்வொன்றாகப் படித்துத் திருப்பி எழுதப்போகிறேன் என்கிறாயே, அது வேண்டாம். நீ படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொருவர் விலையை மாற்றினால் உன் தொகை பழைய விலையிலேயே நிற்கும்.

உன் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: இரண்டு ஃபீல்டுகளை இடம் மாற்ற மூன்றாவது ஒன்று வேண்டாமா? காபியையும் பாலையும் டம்ளர் மாற்ற மூன்றாவது டம்ளர் கேட்கும் புத்தி அது. வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். அதனால் வந்த கெடுதல் கொஞ்சமல்ல. பைப்லைனின் ஒரே கட்டத்தில் எத்தனை ஃபீல்டுகளை மாற்றினாலும், வலப்பக்கம் எல்லாமே அந்தக் கட்டத்துக்குள் வந்த பழைய டாக்குமென்டைத்தான் பார்க்கும். 'அ'வுக்கு 'ஆ'வையும் 'ஆ'வுக்கு 'அ'வையும் ஒன்றாகக் கொடு, மாறிவிடும். புது மதிப்பு வேண்டுமென்றால் அடுத்த கட்டத்தில் கேள். வலப்பக்கம் பழைய மதிப்பையே பார்க்க வேண்டும் என்றுதான் எஸ்கியூஎல் தரமும் சொல்கிறது. மைஎஸ்கியூஎல்லோ இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செய்து, இரண்டு நெடுவரிசைகளிலும் 'ஆ'வின் பழைய மதிப்பையே நிரப்பிவைக்கும். கையேட்டில் எழுதிவைத்துவிட்டால் சரியாகிவிடுமா? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அரேக்கு வந்தால் கதை வேறு. 'பொருட்கள்' என்ற அரேயில் ஒவ்வொன்றின் தொகையையும் அதனதன் விலையிலிருந்து எடுக்க "$பொருட்கள்.விலை" என்று எழுதினால், எல்லா விலைகளும் சேர்ந்த முழுப் பட்டியலே ஒவ்வொரு பொருளிலும் ஏறும். மேப் போட்டு, உள்ளே மெர்ஜ்ஆப்ஜெக்ட்ஸ் கொண்டு ஒவ்வொரு உறுப்பையும் புதிதாகக் கட்டு. சுற்றுவழிதான். டேட்டாபேஸ்களைப் பற்றி எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையை எடுத்துப் படி. அட்டவணைக்குள் அட்டவணை கூடாது என்று அப்போதே வாதாடியிருக்கிறார். நீங்கள் யாரும் படிப்பதில்லை.

போஸ்ட்கிரெஸுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தாய். மாறு. ஆனால் அங்கே ஜேசன்பி_செட்டுக்குக் கொடுக்கும் புது மதிப்பு 'நல்' (NULL) ஆக இருந்தால் அந்த ஒரு ஃபீல்டு அல்ல, ஜேசன் முழுவதும் 'நல்' ஆகிவிடும். கோயலஸ் (COALESCE) போடாமல் அதைத் தொடாதே. எதுவானாலும் முதலில் ஒரே ஒரு டாக்குமென்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது.