ஆட்டிசக் குழந்தையுடன் தீம் பார்க் போகலாமா?

"ஏனுங்க டாக்டர், லீவு விட்டா எல்லாப் புள்ளைங்களும் பிளாக் தண்டர் போகுதுங்க. எம் பையனையும் கூட்டிட்டுப் போகலாமுங்களா? போன வருஷம் பொருட்காட்சியில காதைப் பொத்திக்கிட்டு ஒரே கத்தல். அமைதியா இருக்க ஏதாச்சும் சூரணம் குடுங்க!"

என்னிடம் வந்த ஒரு தாய் கேட்டது இது. பையனுக்கு எட்டு வயது, ஆட்டிசம்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க அம்மிணி. ஆனா சூரணம் கிடையாது" என்றேன். ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு மாறுபாடு. அதைக் குணமாக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. நமக்குச் சாதாரணமாகப் படும் சத்தம், அந்தப் பிள்ளைக்குக் காதருகே பட்டாசு வெடித்த மாதிரி. கத்துவது அடம் இல்லை; 'என்னால் தாங்க முடியலை' என்று சொல்லும் பாஷை. அரை மயக்கத்தில் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போவது ஆபத்தும் கூட.

போகும் முன்: மேட்டுப்பாளையம் பக்கம், நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது பிளாக் தண்டர். ஒரு வாரம் முன்பிருந்தே படம் காட்டுங்கள். கார், டிக்கெட், குளம், சாப்பாடு, வீடு என்று வரிசையாக வரைந்து சொல்லுங்கள். மே மாதக் கூட்டமும் ஞாயிறும் வேண்டாம். சாதாரண நாளில், திறந்ததும் போய்விடுங்கள். வரிசையில் நிற்காமல் விடுவார்களா, வீட்டுத் தயிர்சாதம் கொண்டு வரலாமா என்று போனில் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அடையாள அட்டை இருந்தால் கையில் இருக்கட்டும். வலிப்பு உள்ள பிள்ளையானால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நீரில் இறக்காதீர்கள்.

தண்ணீர், ஜாக்கிரதை: இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஆபத்துதான் தெரியாது. 'எல்லோரும் பார்த்துக்குவாங்க' என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்! ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், செல்போன் இல்லாமல் கூடவே இருக்க வேண்டும். ஆள் மாறும்போது "இனி நீங்க பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டையில் போன் நம்பர் எழுதி வையுங்கள். பிள்ளையைக் காணோமா? முதலில் தண்ணீர் இருக்கும் இடங்களில் தேடுங்கள்.

எப்போது திரும்புவது? காதைப் பொத்துவது, கையை வேகமாக உதறுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது இதெல்லாம் அதிகமானால் உடனே நிழலான, சத்தமில்லாத மூலைக்குப் போங்கள். அடங்கவில்லையா, வீட்டுக்குக் கிளம்புங்கள். 'இவ்வளவு பணம் கட்டியாச்சே' என்று இழுக்காதீர்கள். "புள்ளையை வளர்த்த லட்சணம்" என்று யாராவது முணுமுணுத்தால் காதில் வாங்காதீர்கள்.

அந்தத் தாய் மறுபடி வந்தார். "முக்கா மணி நேரந்தானுங்க இருந்தோம். காலை மட்டும் நனைச்சான்" என்றார், தோற்றுவிட்ட குரலில்.

"சிரிச்சானா?"

"சிரிச்சானுங்க!"

"அப்புறமென்ன? அடுத்த தடவை ஒரு மணி நேரம்!" என்றேன்.