அறிக்கை வரும் வரை

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்ததும் பயமும் முடிந்துவிடுவதில்லை. முதற் சில வருடங்களுக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. முடிவு வரும் வரை மனம் தவிக்கும். எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் 2011இல் டைம் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் மூலம், இத்தவிப்பைக் குறிக்கும் 'ஸ்கேன்சைட்டி' என்ற சொல் பலருக்கும் அறிமுகமாயிற்று.

ஹட்டனிலுள்ள எங்கள் வீட்டுக்கும் அது புதிதல்ல. மார்பகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் உம்மாவுக்குச் சென்ற வருடம் ஒரு சிறு கட்டியிலிருந்து திசு எடுத்தார்கள். பதினெட்டு நாட்கள் காத்திருந்தோம். கிளினிக் வரிசையில் உம்மாவுக்கு அருகே தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அன்றைய பேரும் இல்லை, லயம் திரும்பினால், "ரிப்போர்ட் வந்துருச்சா?" என்ற கேள்வி வேறு.

"இவ்வளவு நாளாகுதே, ஏதோ இருக்கு" என்று உம்மா அஞ்சினார். தாமதம் நோயின் அடையாளமல்ல. திசுவை ஃபோமலினில் வைத்துப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, தலைமயிரை விட மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிய பிறகே நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். சிலவேளை மேலதிகச் சாயங்களும் தேவைப்படும். இதை ஒரு தாதி விளக்கிய பின் உம்மா சற்று ஆறுதலடைந்தார்.

தோழியரே, எங்களுக்கு உதவியவை சில. முடிவு எந்நாளில், யாரிடம் கிடைக்கும் என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டோம். மஃரிபுக்குப் பின் பதினைந்து நிமிடங்களைக் கவலைக்கென ஒதுக்கினோம். மனதில் எழுவதையெல்லாம் உம்மா சொல்வார்; வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றை நான் கொப்பியில் எழுதுவேன். மற்ற நேரத்தில் பயம் வந்தால், "அதை மஃரிபுக்குப் பிறகு பார்ப்போம்" என்போம். இரவில் தூக்கம் வராதபோது, மூச்சை இழுப்பதை விட மெதுவாக வெளியே விடுவது உடலைத் தளர்த்தியது. இணையத்தில் நோயைத் தேடுவதை நிறுத்தினோம். தம்பியிடமும் மறைக்கவில்லை, மறைத்தால் பிள்ளைகள் அதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்வார்கள்.

"பயப்படாதீங்க" என்பதை விட, "என்ன பயம், சொல்லுங்க" என்று கேட்பது மேல். ஊணும் உறக்கமும் நாட்கணக்கில் கெட்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அந்த முடிவு நல்லபடியாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த பரிசோதனைக்கும் பயம் வரும். வரட்டும்; அதைத் தனியே சுமக்க உம்மாவை நாங்கள் விடமாட்டோம்.