குடிமதிப்பும் சமயமும்

ஓர் அரசு தன் மக்களை வீடுதோறும் சென்று எண்ணுவதற்குக் குடிமதிப்பு என்பது பழைய பெயர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என இக்காலத்தார் கூறுவர். நம் நாட்டில் அப்பணி 1872-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நாடு முழுவதையும் ஒரே காலத்தில் எண்ணும் முறை 1881-இல் அமைந்தது. அன்றுமுதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த அப்பணி, 2021-இல் கொரோனாப் பெருந்தொற்றால் தடைப்பட்டது. ஆதலின் தமிழ்நாட்டு மக்களின் சமய நிலையை அறிய விழைவோர் 2011-ஆம் ஆண்டுக் கணக்கையே கைக்கொள்ளுதல் வேண்டும். அக்கணக்கைக் காணுமுன், அஃது எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை அறிந்துகொள்வோம்.

1991-ஆம் ஆண்டில் யான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாய் இருந்தேன். கணக்கெடுக்கும் பணியைப் பெரும்பாலும் பள்ளியாசிரியர்பால் ஒப்படைப்பது வழக்கம். எனக்கு வந்தவாசி வட்டத்தில் ஒரு சிற்றூர் வாய்த்தது. ஒருநாள் வெயில் தாழும் வேளையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாள்களை விரித்தேன். வாயிலில் கோலம், மாடத்தில் விளக்கு, வீட்டார் பேசியது நல்ல தமிழ். குடும்பத் தலைவரின் பெயரையும் அகவையையும் எழுதிக்கொண்டேன். சமயம் என்னும் இடம் வந்ததும், கேளாமலே ‘இந்து’ என எழுதத் தொடங்கினேன். பெரியவர் தாளை உற்று நோக்கினார்.

“ஐயா, கேட்டு எழுதுவதுதானே முறை? நாங்கள் சமணர்” என்றார்.

அவர் குரலில் சினம் சிறிதும் இல்லை. யான்தான் நாணித் தலைகுனிந்தேன். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்க அவ்வீட்டார் விரைந்துகொண்டிருந்ததை அதன்பின்னரே கண்டேன். சீவக சிந்தாமணியைப் பாடம் சொல்லியவன் யான். அந்நூலைத் தம்முடையதாகப் போற்றுவோர் கண்முன் நின்றும் அறிந்தேனல்லேன்!

கணக்கெடுப்போர்க்கு விதிக்கப்பட்ட நெறி தெளிவானது. வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கேட்டு, கூறியதைக் கூறியவாறே எழுதுதல் வேண்டும். பெயரைக் கொண்டோ நெற்றிக்குறியைக் கொண்டோ நாமே முடிவு கட்டலாகாது. கணவன் ஒரு சமயத்தவனாகவும் மனைவி வேறு சமயத்தவளாகவும் இருத்தல் கூடும். அவ்வாறு ஒருவர் கூறிய செய்தியை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. வழக்குமன்றத்திலும் அதனைச் சான்றாகக் காட்ட இயலாது. என் கை அன்று இன்னும் சிறிது விரைந்திருப்பின், அவ்வீட்டார் அறுவரும் தம் சமயத்தின் கட்டத்திலிருந்து நீங்கி வேறொரு கட்டத்தில் சேர்ந்திருப்பர். பெருந்தொகையில் அறுவர் மிகுந்தால் யாரும் அறியார். சிறுதொகையில் அறுவர் குறைந்தால் அது பெருங்குறையே.

இனி 2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் காண்போம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. இவர்களுள் இந்துக்கள் 87.58 விழுக்காடு, கிறித்தவர் 6.12, இசுலாமியர் 5.86, சமணர் 0.12. சீக்கியரும் பௌத்தரும் தனித்தனியே 0.02 விழுக்காட்டினர். தம் சமயம் இன்னது எனக் கூறாதோர் 0.26 விழுக்காட்டினர். கூறாதோர் தொகை சமணர் தொகையினும் இருமடங்குக்கு மேற்பட்டிருத்தல் காண்க. இந்துக்கள் என்னும் ஒரே கட்டத்துள் சைவரும் வைணவரும், ஐயனாரையும் மாரியம்மனையும் குலதெய்வமாக வழிபடுவோரும் அடங்குவர். இவர்களைப் பிரித்துக் காட்ட அவ்வேட்டில் இடமில்லை. நாகூர்த் தர்காவின் உயர்ந்த கோபுரத்தைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் எடுப்பித்தார் என்பது போன்ற செய்திகட்கும் அங்கே கட்டம் கிடையாது.

மாநிலம் முழுமைக்கும் கூறும் விழுக்காடு எல்லா ஊர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் பிழையாகும். கன்னியாகுமரி மாவட்டத்தை நோக்குக. அங்கே இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர் 46.85 விழுக்காடு. தமிழ்நாட்டுக் கிறித்தவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அம்மாவட்டத்தினர். அம்மாவட்டமோ 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாப்பிள்ளை இசுலாமியர் செறிந்து வாழும் மலபார் மாவட்டம் அதே நாளில் நம்மை விட்டுக் கேரளத்தைச் சார்ந்தது. ஒருவரும் தம் வழிபாட்டை மாற்றிக்கொண்டிலர், எல்லைக்கோடு மாறியது, விழுக்காடும் மாறிற்று. இரு காலத்துக் கணக்குகளை ஒப்பிட்டு, ‘இவர் பெருகினர், அவர் அருகினர்’ என உரைப்போர் பலர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

மீண்டும் சமணரிடம் வருவோம். 2011-இல் அவர்கள் தொகை 89,265. வடமாவட்டங்களில் தொன்றுதொட்டு உழவுத்தொழில் புரிந்துவரும் தமிழ்ச் சமணர் இவருள் ஒரு பகுதியினர். நயினார் எனப் பெயர் பெற்ற இவர்க்கு மேல்சித்தாமூரில் மடம் உண்டு. இராசத்தானத்திலிருந்தும் குசராத்திலிருந்தும் வணிகத்தின் பொருட்டு வந்து சென்னை முதலிய நகரங்களில் குடியேறியோர் மற்றொரு பகுதியினர். இருதிறத்தாரையும் அவ்வேடு ஒரே எண்ணாகக் காட்டுகின்றது.

அச்சிறு தொகையினர் தமிழுக்குச் செய்த உதவி ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையரை, அவ்வூரில் நீதிபதியாய் இருந்த சேலம் இராமசாமி முதலியார் ஒருநாள் கண்டு, “என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள்?” என வினவினார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என அடுக்கிக் கூறியும் முதலியார்க்கு மனநிறைவு உண்டாகவில்லை. அவர் சிந்தாமணியைக் கேட்டார். ஐயர் அந்நூலைக் கற்றிலர். பின்னர் ஏடு பெற்றுப் படிக்கத் தொடங்கினார். சொல் விளங்கிற்று, பொருள் விளங்கவில்லை. சமண சமயக் கோட்பாடு அறியாதார்க்கு அந்நூல் திறவாக் கதவம். எனவே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அவர்கள் சிந்தாமணியைச் சமயநூலாகப் போற்றி முறையாகப் படித்துவருவதைக் கண்டு வியந்தார். ஐயம் எழுந்த இடமெல்லாம் அவர்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் அந்நூல் அச்சேறிற்று. சைவ மரபில் வந்த புலவர் ஒருவர் சமணரிடம் மாணவராய் அமர்ந்தமையால், இன்று நாம் அதனைப் பொருளுணர்ந்து படிக்கின்றோம். அவ்வில்லங்கள் அவ்வூரில் இல்லாதிருந்தால், ஐயர் யாரிடம் சென்று கேட்டிருப்பார்?

நிற்க. 1991-ஆம் ஆண்டுக் கணக்கு மார்ச்சு முதல் நாள் கதிரவன் தோன்றும் பொழுதை எல்லையாகக் கொண்டது. அதற்குமுன் நிகழ்ந்த பிறப்பு இறப்புகளைச் சரிபார்க்க மீண்டும் ஒருமுறை வீடுதோறும் செல்லுதல் மரபு. யான் அத்திண்ணைக்கு மறுபடியும் சென்றபொழுது பெரியவர் முகமலர்ந்து வரவேற்றார். முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்னர் அவர்க்குப் பேத்தி பிறந்திருந்தாள். பெயர் இன்னும் இடவில்லை. தாளை எடுத்தேன். “குழந்தையின் சமயம்?” என்று கேட்டேன். பெரியவர் நகைத்தார். உள்ளேயிருந்த மகளை அழைத்து, “வாத்தியார் ஐயா கேட்கிறார், நீயே சொல் அம்மா” என்றார். அவள் சொல்லும்வரை காத்திருந்து எழுதினேன்.