வெற்றுத்தாளில் கைநாட்டு

அரூர்

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுவது. போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நீ உங்கம்மாவிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. இதைப் போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். பேசினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். தாளில் இருந்தால் இன்னொரு முறை எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்தச் சூட்டை விட்டுத் தள்ளு. பேட்டரி பழசானாலும் சூடாகும், டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் இருந்தாலும் சூடாகும், நீ எடுக்கிற ஆயிரம் போட்டோவும் தானாகக் கூகுளுக்கு ஏறிக்கொண்டிருந்தாலும் சூடாகும். சூட்டைத் தொட்டுப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க முடியாது. 2021 ஜூலையில் பெகாசஸ் என்கிற உளவு மென்பொருள் விவகாரம் வெடித்தது நினைவிருக்கிறதா? இலக்காகியிருக்கலாம் என்று வெளியான எண்களின் பட்டியலில் நம் தமிழ்நாட்டு மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தியுடைய எண்ணும் இருந்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு தொழில்நுட்பக் குழுவைப் போட்டது. குழு ஆராய்ந்தது 29 போன்களை. அதில் 5 போன்களில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. ஆனால் அது பெகாசஸ்தான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்பதுதான் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் வெளிவந்தது. நாட்டின் பெரிய நிபுணர்கள் கருவிகளை வைத்துப் பார்த்தே அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. நீ உள்ளங்கையில் வைத்துப் பார்த்து என்ன சொல்லிவிடப் போகிறாய்? *#21# போட்டால் ஹேக் ஆனது தெரிந்துவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறதே, அதுவும் அப்படித்தான். உனக்கு வரும் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான் அது காட்டும். பார்த்து வைப்பதில் தப்பில்லை. திருப்பியிருந்தால் உடனே ரத்து செய். ஓ.டி.பி.யை அழைப்பாகவும் வாங்க முடியும் என்பதால் இந்த வழியில் ஏமாற்றியவர்கள் உண்டு. *401# வழியாகத் திருப்புகிற வசதியை 2024 ஏப்ரலிலிருந்து நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டதே அதற்காகத்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "யார் புகுந்தார்கள்" என்பது இல்லை, "நான் யாருக்கு எதை அனுமதித்தேன்" என்பது. நம்மைப் போன்றவர்களின் போனை யாரும் பூட்டை உடைத்துத் திறப்பதில்லை. நாமே திறந்து விடுகிறோம். வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்ததால் நம் வீட்டில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அன்றைக்குத் தாத்தா கையைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை. மரியாதையாகப் பேசினார்கள், அவர் வைத்தார். ஒரு ஆப் "அனுமதி" என்று கேட்கும்போது நீ படிக்காமல் தொடுகிறாயே, அதுவும் வெற்றுத்தாள்தான். மேலே என்ன எழுதிக்கொள்வது என்பதை அவன் பிறகு முடிவு செய்வான்.

நம் பக்கத்துக்கே பொருந்துகிற உதாரணம் பி.எம். கிசான். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000. அந்தப் பணத்தின் பேரைச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது ஆப்பை நேரடியாக நிறுவுகிற கோப்பு, சுற்றியது, தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு 2024-ல் எச்சரிக்கையே விட்டது. கோப்பைப் பதிவிறக்கித் திறந்தால் ஆதார் எண், வங்கி விவரம் எல்லாம் கேட்கும். கூடவே எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அந்த ஒன்று கிடைத்துவிட்டால் உனக்கு வருகிற ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கும் போகும். பிறகு அதே கோப்பு உன் பெயரில் உன் தொடர்புகளுக்கெல்லாம் பறக்கும். தெரிந்தவரிடமிருந்து வந்ததுதானே என்று அவர்களும் திறப்பார்கள். இதே வித்தையைப் போக்குவரத்து அபராதச் சலான் என்றும், கல்யாணப் பத்திரிகை என்றும் வேஷம் மாற்றி அனுப்புகிறார்கள். ஆடி முடிந்ததும் நம் குடும்ப குரூப்பில் ஒரு பத்திரிகை வந்ததே, அதை நீ திறந்தாயா? கோபப்பட மாட்டேன். திறந்தாயா என்று மட்டும் சொல். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எப். ஆகவோதான் வரும், "இன்ஸ்டால்" செய்யச் சொல்கிற பத்திரிகை எந்தக் கல்யாணத்துக்கும் கிடையாது.

திறந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை முழுக்க விரித்துப் பார். முகப்புத் திரையைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதே. இந்தத் திருட்டு ஆப்கள் முகப்பில் படத்தை மறைத்துவிடும், பட்டியலில் இருக்கும். பிறகு அதே செட்டிங்ஸில் தேடு: எஸ்.எம்.எஸ். அனுமதி யாருக்கு, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி யாருக்கு, திரையின் மேலே தோன்றும் அனுமதி யாருக்கு. எல்லாவற்றையும்விட முக்கியமானது அக்சசிபிலிட்டி. பார்வைக் குறை போன்ற குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. அதைப் பெற்ற ஆப் திரையில் இருப்பதைப் படிக்கும், உனக்குப் பதிலாக அதுவே தொடவும் செய்யும். நீ அழிக்கப் போனால் அந்தப் பக்கத்தையே மூடிவிடும். அப்படி ஏதாவது மல்லுக்கு நின்றால் சேஃப் மோடில் போட்டு அழி. அதற்கும் அடங்கவில்லை என்றால் போட்டோக்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு போனையே ரீசெட் செய். பாஸ்வேர்டுகளை மட்டும் அந்தப் போனிலிருந்து மாற்றாதே, வேறு போனிலிருந்து மாற்று. வாட்ஸ்ஆப்பில் "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்தில் உனக்குத் தெரியாத கணினி எதுவும் இருந்தால் வெளியேற்று, ஆறு இலக்கப் பின் வை. இங்கே கச்சேரிமேட்டுக் கடைகளிலானாலும் சரி, நீ இருக்கிற ஓசூரிலானாலும் சரி, ரிப்பேருக்குக் கொடுக்கும்போது பேட்டர்னைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் உங்கப்பனிடமிருந்து உனக்கும் வந்திருக்கிறது. அதை விடு.

"எதையும் தொடாமலே ஹேக் செய்ய முடியும் அத்தை, மிஸ்டு கால் போதும்" என்று சொல்வாய். உண்மைதான். 2019-ல் வாட்ஸ்ஆப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பெகாசஸ் அப்படித்தான் சுமார் 1,400 போன்களைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்கவே வேண்டியதில்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைத்தது என்ன? ஒரு அப்டேட். நீ "பிறகு" என்று தள்ளிவிடுகிறாயே, அதே அப்டேட். தவிர, அந்த மாதிரி ஆயுதத்துக்குக் கொட்டுகிற பணத்தைப் பார்த்தால் அதை உன் மேல் வீச ஒரு காரணமும் இல்லை. செய்தியாளர், அரசியல்வாதி, வழக்கறிஞர் என்று ஆள் பார்த்து வீசுவது அது. ஏ.பி.கே.காரன் ஆள் பார்ப்பதில்லை, ஆயிரம் பேருக்கு விசிறுவான், பத்துப் பேர் திறந்தால் போதும் அவனுக்கு. "என்னை யார் ஹேக் செய்யப் போகிறார்கள்" என்று உங்கப்பன் கேட்கிற கேள்விக்கும் பதில் இதுதான். ஆன்டிவைரஸ் போட்டுக்கொள்கிறேன் என்றால் போடு, ஆனால் அதையும் ப்ளே ஸ்டோரிலிருந்து எடு. போனிலேயே இருக்கிற ப்ளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைத்துவிட்டு வேறொன்றைத் தேடுவது எனக்குப் புரியாத சாமர்த்தியம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மரவள்ளிக்காட்டுப் பணம் உன் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் எண்ணும், நீ ரீல்ஸ் பார்க்கிற போனில் இருக்கிற எண்ணும் ஒன்றே. இது எனக்குப் பிடிக்கவில்லை, அன்றைக்கும் சொன்னேன். யு.பி.ஐ. எப்படி வேலை செய்கிறது என்று பார். போனில் இருக்கிற சிம்மிலிருந்து எஸ்.எம்.எஸ். போய், அந்த எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குகளைத்தான் அது கண்டுபிடிக்கிறது. எண் அந்தப் போனில் இல்லை என்றால், அந்தப் போனை எவன் பிடித்துக்கொண்டாலும் அந்தக் கணக்கின் ஓ.டி.பி. அவனுக்கு வராது. அதனால் இரண்டு கணக்கு வைத்துக்கொள். மாசச் செலவுக்கு வேண்டியது ஒன்றில், இப்போதைய எண்ணில், யு.பி.ஐ.யோடு. பெரிய பணம் இன்னொன்றில், வேறு எண்ணில். அந்தச் சிம் ஒரு பட்டன் போனில். அந்தக் கணக்கின் நெட் பேங்கிங்கையும் இந்தப் போனில் திறக்காதே.

"இந்தக் காலத்தில் பட்டன் போனா" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ரீசார்ஜ் வீண் என்பது ஒரு வாதம். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் இருக்கும் திட்டம் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி செய்த பிறகு அது பழைய வாதம். (ஜியோ சிம் என்றால் 2ஜி பட்டன் போனில் எடுக்காது, பார்த்துக்கொள்.) யாராவது உன் பெயரில் போலி சிம் வாங்கினால் பட்டன் போனும் காப்பாற்றாதே என்பது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் அந்த எண்ணை யாருக்கும் தராமல் வைத்திருக்க வேண்டும். டவர் திடீரென்று செத்துப்போனால் உடனே வங்கியைக் கூப்பிட வேண்டும். உன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைச் அரசின் சஞ்சார் சாதி தளத்தில் பார்க்கலாம். அலைச்சல் என்பது கடைசி வாதம். அலைச்சல்தான். அந்தக் காட்டைச் சேர்க்க உங்க தாத்தா அலைந்ததில் இது எத்தனை பங்கு?

ஒருவேளை பணம் போயே போனால் அழுதுகொண்டிருக்காதே. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு, அப்புறம் வங்கியை. சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வழியில் நிறுத்த முடியும். மூன்றாம் ஆளின் மோசடியை வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொன்னது. ஆனால் அதே தாளில் இன்னொன்றும் இருந்தது: ரகசிய எண்ணைக் கொடுத்தது போல நம் கவனக்குறைவு என்றால், புகார் செய்யும்வரை போனது நம் தலையில். யார் அனுமதித்தது என்ற கேள்வியை வங்கியும் கேட்கும்.

முடிவு உன்னுடையது. உன் போன், உன் பணம், நீ சம்பாதிக்கிற பெண், நான் யார் சொல்ல? செல்வம் வெள்ளிக்கிழமை ஓசூர் வருகிறான். அவனிடம் புளி, மஞ்சள் தூள், எள்ளுருண்டை கொடுத்தனுப்புகிறேன். புளி டப்பாவுக்குக் கீழே ஒரு பட்டன் போன் இருக்கும், சார்ஜரோடு. வேண்டாம் என்றால் ஓரமாக வைத்துவிடு, திருப்பி அனுப்பாதே. வீட்டிலேயே படிப்பில் கெட்டி நீதான் என்று நான் சொல்லாத இடம் இல்லை, இதையும் நீ பார்த்துக்கொள்வாய். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது ஆட்டோவில் வா, காசு பார்க்காதே. மாசித் தேருக்குத் தீர்த்தமலைக்கு வந்தால் நாலு நாள் இருக்கிற மாதிரி வா, உனக்குப் பிடித்த களியும் கருவாட்டுக் குழம்பும் செய்கிறேன். நான் ஏதாவது கடுமையாக எழுதியிருந்தால் மனசில் வைக்காதே, கண்ணு. அந்தப் பத்திரிகையைத் திறந்தாயா என்பதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

அன்புடன்,
அத்தை