வீடு வாங்கும் முன் பில்டரை விசாரியுங்கள்

"பில்டர் நம்ம ஜமாஅத்காரர், முதல் ஸஃப்பில் நிற்பவர்" என்று விசாரிக்காமலே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். சாட்சியாக வந்த ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றவரிடம் உமர் (ரலி) அவர்கள், அவரோடு பயணம் செய்தீரா, கொடுக்கல் வாங்கல் செய்தீரா என்றுதான் கேட்டார்கள். பள்ளிவாசலில் தொழுவதைப் பார்த்தது மட்டும் அங்கே போதவில்லை.

நபி (ஸல்) அவர்கள் உணவுக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே மழை ஈரம். புதுப் பெயின்ட்டும் ஈரத்தை மறைக்கும். அதனால் அவர் நாலைந்து வருடம் முன்பு கட்டிய வீட்டுக்கு, மழை பெய்த மறுநாள் போங்கள். தளம் ஒழுகுகிறதா, கூப்பிட்டால் வந்து சரிசெய்தாரா என்று குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

அவரும் புறம் பேசுவதாகிவிடுமோ என்று மழுப்ப வேண்டாம். தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) ஆலோசனை கேட்டபோது, இருவரின் குறையையும் நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.