முடக்குவாத நோயாளரின் பாதமும் காலணியும்

உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் மூட்டுகளையே தாக்குவதால் உண்டாகும் நோய் முடக்குவாதம். தில்லிக்கு அருகே ஊரக மக்களிடையே நடத்தப்பெற்று 1993-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் 0.75 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. மகாராஷ்டிரத்தில் பிக்வான் கிராமத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு இதனை 0.5 சதவீதம் என மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்கும் இந்நோய் பெரும்பாலும் உழைக்கும் பருவத்திலேயே தோன்றுகிறது. எனவே இது மருத்துவப் பிரச்சினை மட்டுமன்றிக் குடும்ப வருவாயைப் பற்றிய பிரச்சினையும் ஆகும்.

பாதத்தில் நிகழும் மாறுதல்

நோய் தொடங்கியதும் மூட்டின் உட்சவ்வு வீங்குகிறது. நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. கைவிரல்களைப் போலவே கால்விரல்களின் அடிமூட்டுகளும் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுவதுண்டு. பெருவிரல் பக்கவாட்டில் சாய்கிறது. மற்ற விரல்கள் வளைந்து மேலெழுகின்றன. பாதத்தின் முன்பகுதியில் எலும்புகளுக்கு அடியிலுள்ள கொழுப்புத் திண்டு முன்னோக்கி நகர்ந்துவிடுகிறது. அதன்பின் நடக்கும்போது உடலின் எடை எலும்பு முனைகளின்மீது நேராக விழுகிறது. கூழாங்கற்களின்மேல் நடப்பது போன்ற வலி என்று நோயாளர் கூறுவது இதனால்தான்.

தகுந்த காலணியின் இயல்புகள்

நோயைக் கட்டுப்படுத்துவது மருந்தின் பணி. எடையைப் பாதம் முழுவதும் பரப்புவது காலணியின் பணி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. காலணியின் முன்பகுதி, வளைந்த விரல்கள் உராயாதவாறு அகலமாகவும் உயரமாகவும் இருத்தல் வேண்டும். குதிகாலைச் சுற்றிய பகுதி உறுதியாகவும், குதியின் உயரம் சுமார் 3 செ.மீட்டருக்கு மிகாமலும், மொத்த எடை குறைவாகவும் இருப்பது நலம். அடிப்பகுதி தடித்து, முனையில் சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால், விரல் மூட்டுகள் மடங்காமலே அடியெடுத்து வைக்க இயலும். உள்ளே வைக்கும் சிறு திண்டு, வலிக்கும் மூட்டுகளுக்கு நேர்கீழே அமையாமல் அவற்றுக்குச் சற்றுப் பின்னால் அமைய வேண்டும்; இடம் மாறினால் வலி கூடும். கைவிரல்களும் நோயுற்றிருப்பதால் கயிறு கட்டுவது கடினம். வெல்க்ரோ பட்டையே ஏற்றது.

வீக்கம் மிகுந்திருக்கும் மாலை வேளையில், நின்றபடி இரு கால்களிலும் அணிந்து பார்த்து வாங்குதல் நன்று. மிக நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடைவெளி தேவை.

நமது பழக்கங்கள்

விரலிடுக்கில் பட்டையுள்ள செருப்பு, விரல்களால் பற்றி நடக்கச் செய்வதால் நோயுற்ற மூட்டுகளுக்குச் சுமையாகிறது. வீட்டினுள் காலணி அணியாமை நம் மரபு. ஆயினும் சமையலறையின் சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்கும் பெண்ணுக்கு, வெளியே மட்டும் அணியும் காலணியால் பயன் குறைவு. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வது மரபைக் காத்து வலியையும் குறைக்கும். பாதத்தில் புண்ணோ, திடீரெனச் சூடும் சிவப்புமான வீக்கமோ தோன்றினால் உடனே மருத்துவரை அணுகவேண்டும். இந்நோய்க்குரிய மருந்துகள் பல, தொற்றை எதிர்க்கும் ஆற்றலைக் குறைப்பவை.

கிடைக்கும் வசதியும் இடைவெளியும்

எடையைப் பரப்பும் காலணி நம் நாட்டுக்குப் புதிதன்று. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளரின் உணர்விழந்த பாதங்களைக் காக்க நுண்துளை ரப்பர் காலணியை உருவாக்கினர். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் இத்தகைய காலணி இலவசமாக வழங்கப்படுகிறது. கான்பூரில் 1972-இல் அமைக்கப்பட்ட செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகமும், கொல்கத்தாவில் 1978-இல் தோன்றிய தேசிய இயக்கக் குறைபாட்டு நிறுவனமும் இத்துறையில் அனுபவம் பெற்றவை. மாற்றுத் திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981 முதல் நடைபெற்று வருகிறது.

ஆனால் இத்திட்டத்தின் பயனைப் பெறக் குறைந்தது 40 சதவீத ஊனச் சான்று தேவை. முடக்குவாத நோயாளர் அந்த அளவை எட்டும்போது பாதம் பெரும்பாலும் உருமாறிவிட்டிருக்கும். காலணி மிகுந்த பயன் தருவதோ அதற்கு முன்புதான். தொழில்நுட்பமும் கைத்திறனும் இருந்தும் உரிய காலத்தில் உதவி சேராமைக்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம். நோய் உறுதி செய்யப்படும் நாளிலேயே பாதத்தையும் பரிசோதித்து, மருந்துச் சீட்டுடன் காலணிக்கும் பரிந்துரை வழங்கும் முறை மாவட்ட மருத்துவமனைகளில் ஏற்படுமாயின், நடமாட்டமும் அதனைச் சார்ந்த பிழைப்பும் காக்கப்படும்.